சொந்த ஆப்ஜெக்ட்டில் ஈவென்ட் ஹேண்ட்லர் சேர்ப்பது எப்படி?

சரக்கிருப்பைக் கவனிக்கும் கிளாஸ் ஒன்றை எழுதி, இருப்பு மாறியதும் ஓட வேண்டிய ஃபங்ஷனை, அதாவது ஹேண்ட்லரைச் சேர்க்க அதன் ஆப்ஜெக்ட்டில் ஆட்ஈவென்ட்லிசனரை அழைத்தால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மெத்தட் ஜாவாஸ்கிரிப்ட் மொழியோடு பிறந்ததன்று. பிரவுசர் தரும் ஈவென்ட்டார்கெட் என்ற கிளாஸுக்கு உரியது. பட்டனும் டாக்குமென்ட்டும் அதன் வாரிசுகள், அதனால் அவற்றிடம் இருக்கிறது. உங்கள் கிளாஸையும் வாரிசாக்கிவிடுங்கள்: பெயரை அடுத்து எக்ஸ்டென்ட்ஸ் ஈவென்ட்டார்கெட் என்று எழுதுங்கள், கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அதன் முதல் வரியில் சூப்பரை அழையுங்கள். குரோமும் ஃபயர்பாக்ஸும் 2018இலும் சஃபாரி 2020இலும் இதற்கு வழிவிட்டன. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் 15ஆம் பதிப்பு முதல் உண்டு.

இருப்பு மாறியதும் கஸ்டம்ஈவென்ட் ஒன்றை உருவாக்கி, சொல்ல வேண்டியதை அதன் டீடெய்லில் வைத்து, டிஸ்பேட்ச்ஈவென்ட்டிடம் கொடுங்கள். ஹேண்ட்லர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகே நிரல் அடுத்த வரிக்கு வரும். ஆகவே எண்ணிக்கையை முதலில் மாற்றுங்கள், பிறகு அறிவியுங்கள்.

சேர்ப்பது இவ்வளவுதான். நீக்குவதில்தான் நான் இரண்டு நாள் தவித்தேன். கடை ஒன்றுக்கு பில் போடும் பக்கம். காலையில் திறந்தால் இரவுவரை மூட மாட்டார்கள். ஒவ்வொரு திரையும் திறக்கும்போது ஹேண்ட்லரைச் சேர்த்தேன், மூடும்போது ரிமூவ்ஈவென்ட்லிசனரும் எழுதியிருந்தேன். இருந்தும் மாலைக்குள் பக்கம் திணறியது. ஒரு பொருள் விற்றால் ஒரே பட்டியல் பல முறை வரையப்பட்டது. காரணம், ஃபங்ஷனுக்குள் திஸ் எந்த ஆப்ஜெக்ட்டைக் குறிக்கும் என்று கட்டிவைக்கும் பைண்ட். திஸ் தவறிவிடக் கூடாதென்று இரண்டு இடங்களிலும் பைண்ட் போட்டிருந்தேன். அது அழைக்கும்போதெல்லாம் புதிய ஃபங்ஷனைத் தருகிறது. சேர்த்தது ஒன்று, நீக்கச் சொன்னது வேறொன்று. பிழைச் செய்தியும் வராது.

ஒரே முறை பைண்ட் செய்து, அதை ஆப்ஜெக்ட்டிலேயே வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். இப்போது நான் அபார்ட்கன்ட்ரோலரையே விரும்புகிறேன். சேர்க்கும்போது மூன்றாவது அளவுருவில் அதன் சிக்னலைக் கொடுத்துவிட்டால், திரை மூடும்போது அபார்ட் என்ற ஒரே அழைப்பில் எல்லா ஹேண்ட்லர்களும் நீங்கிவிடுகின்றன.

இன்னொன்று: பக்கத்தின் உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட டாம் மரத்தில் உங்கள் ஆப்ஜெக்ட்டுக்கு இடம் இல்லை. பபுள்ஸை ட்ரூ என்று வைத்தாலும் ஈவென்ட் மேலே ஏறாது. ஒரு பொருளில் எழும் ஈவென்ட் கிடங்கின் ஆப்ஜெக்ட்டுக்கும் தெரிய வேண்டுமானால், பொருளின் ஹேண்ட்லரிலிருந்து புதிய ஈவென்ட் ஒன்றை உருவாக்கி நீங்களே கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.