பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டுத் திட்டப் பட்டியலை யார்தான் சரிபார்க்கிறார்கள்?

வார்டு மெம்பர் நினைத்தால் வீட்டுப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கேரளத்தில் 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி பஞ்சாயத்துக்குள் நிலைக்குழுக்கள் உண்டு, அதாவது மெம்பர்களே துறைவாரியாகப் பிரிந்து உட்காரும் சிறு குழுக்கள். வளர்ச்சி நிலைக்குழு திட்டங்களைப் பார்க்கும். காசு விஷயம் நிதி நிலைக்குழுவுக்குப் போகும், அதற்குத் துணைத் தலைவர்தான் தலைவர். இவர்கள் பரிந்துரைப்பதோடு சரி, முடிவு எல்லா மெம்பர்களும் சேர்ந்த பஞ்சாயத்துக் கமிட்டியுடையது, அப்புறம் ஆண்டுத் திட்டம் மொத்தமாக மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குப் போகும்.

லைஃப் மிஷன், அதாவது வீடில்லாதவர்களுக்கான கேரள அரசின் வீட்டுத் திட்டம் என்றால் உங்களுக்கு முக்கியம் கிராம சபைதான், அதாவது வார்டு வாக்காளர்கள் கூடும் கூட்டம். முதலில் வரைவுப் பட்டியலை ஒட்டுவார்கள், பெயர் விட்டுப்போனால் அப்பீல் கொடுக்கலாம், அதெல்லாம் முடிந்த பிறகுதான் பட்டியல் சபைக்கு வரும். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. எங்கள் வார்டில் பெஞ்சு பாதி காலியாகத்தான் கிடக்கும், மலையாளத்தில் கடகடவென்று வாசித்து முடித்து நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை எழுந்து, "தமிழில் இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். அவர் ரேஷன் கார்டு எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

சபைக்கு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள்.