ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு சிகிச்சையில் பாசிட்டிவ் வந்து ஆறாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. மாடிப்படி ஏறியதுதான் காரணமா? எப்படித் தேறுவது?

மாடிப்படி காரணமே இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். படுத்தே கிடந்திருந்தாலும் அது மாறியிருக்காது.

ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்னும் கர்ப்ப ஹார்மோன் அளவு 5-க்குக் கீழே இறங்கும்வரை ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். இறங்காவிட்டால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடும் வயிற்றுவலி, மயக்கம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"ஆறு வாரம்தானே" என்பார்கள் சொந்தக்காரர்கள். ஊசி ஊசியாகப் போட்டுக் காத்திருந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்! அழுகை வந்தால் அழுங்கள். வளைகாப்புக்கு அழைத்தால் போகாமல் இருப்பதில் தப்பே இல்லை. கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை கணவருடையது. அவரும் உள்ளுக்குள் உடைந்திருப்பார், அது வேறு. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகியும் திரும்பவில்லையா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.