ஓய்வு பெற்ற பிறகு கோத்தகிரியில் குடியேறினால் சரியாக வருமா?

வரும். ஆனால் கோடையில் வந்து பார்த்த மயக்கத்தில் வீடு வாங்கிவிடாதீர்கள். முதலில் வாடகைக்கு எடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இருந்து பாருங்கள். நீலகிரியின் மேற்கே இருக்கும் கூடலூர்ப் பக்கம் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை. கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரியை நனைப்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் துவைத்த துணி நாள் கணக்கில் காயாது. உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும், பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும். மூட்டு வலியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு இதுதான் உண்மையான சோதனை.

வீடு பார்க்கும்போது ஹாலை விட, வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவைத்தான் கவனிக்க வேண்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிந்து பல உயிர்கள் போயின. மண்ணை வெட்டிச் சமன்படுத்திக் கட்டிய வீடு, தண்ணீர் வெளியேற வழியில்லாத தடுப்புச்சுவர் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அப்புறம் மருத்துவம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருந்தாலும் பெரிய சிகிச்சை என்றால் பலரும் கோவைக்குத்தான் போகிறார்கள். மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் இறங்கி, மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். இதய நோய் உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

பிள்ளைகள் வெளியூர் வண்டியில் வந்தால், நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் இ-பாஸ் எடுக்கணும். 2024 மே முதல் இந்த நடைமுறை. இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டப் பாதையில் தனியாக நடக்காதீர்கள், காட்டெருமையும் கரடியும் சகஜமாக வரும்.