சோழர் முதல் லாலி வரை: டெல்டாவைப் படிக்க எந்தப் புத்தகம்?

டெல்டா ஊர்களின் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கும்பகோணம்: நாவல் படித்துத்தான் சோழர் மேல் ஆசை வந்தது. வரலாறாகப் படிக்க எதில் தொடங்கலாம், ஐயா?

சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. உங்களுக்குப் பக்கத்து ஊர், திருப்புறம்பியத்துக்காரர்தான். அரசர் வரிசையில் போவதால் குழப்பம் இல்லை. அதன்பிறகு நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்'. அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள், பாதிச் சரக்கு அங்கேதான்.

மன்னார்குடி: கல்வெட்டில் 'யாண்டு 26' என்றால் எந்த வருஷம்?

யாண்டு என்பது அரசரின் ஆட்சியாண்டு. அரசர் யார் என்று முதலில் பாருங்கள். முதலாம் ராஜராஜன் ஆட்சிக்கு வந்தது 985-இன் நடுவில். அதுவே முதல் யாண்டு. ஆக 985-உடன் 25-ஐத்தான் கூட்ட வேண்டும்: 1010-11. பெரிய கோயிலில் "நாம் குடுத்தனவும்" என்று வரும் ஆணை 26-ஆம் யாண்டு, 20-ஆம் நாள், எனவே 1010. பலர் 26-ஐ அப்படியே கூட்டி ஒரு வருஷம் தள்ளிவிடுகிறார்கள். ராஜேந்திரனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தந்தை இறந்தது 1014, ஆனால் அவன் யாண்டுக் கணக்கு இளவரசுப் பட்டம் பெற்ற 1012-இலேயே தொடங்கிவிடும்.

நில அளவிலும் ஜாக்கிரதை. 20 மா ஒரு வேலி என்பது சரி. ஆனால் இன்றைய 6.67 ஏக்கரை அன்றைய வேலிக்குப் போட முடியாது. அன்று நிலம் அளக்க 12 சாண் கோலும் உண்டு, 16 சாண் கோலும் உண்டு. கோல் மாறினால் பரப்பு மாறும்.

திருவாரூர்: ராஜா கதை போதும் சார். நிலம், சாதி, கூலி பற்றி?

மானிடவியலாளர் காத்லீன் கஃப் 1951-53-இல் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தவர். அந்த ஆய்வின் நூல் 1981-இலும், பிந்தைய மாற்றங்களைச் சொல்லும் நூல் 1989-இலும் வந்தன. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் 1965 நூல் சின்னது, கூர்மையானது. நிலமும் அதிகாரமும் அக்ரகாரத்தின் கையை விட்டு எப்படிப் பிரிந்தன என்று காட்டும். இந்த நூல்களில் வரும் கும்பாபேட்டை, ஸ்ரீபுரம் எல்லாம் ஊர்களுக்கு வைத்த புனைபெயர்கள், வரைபடத்தில் தேடாதீர்கள்.

மயிலாடுதுறை: நம் பக்கத்துச் சண்டைகள்?

1749-இல் கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிகோட்டைச் சண்டை, 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் தஞ்சை முற்றுகை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எடுங்கள். அவர் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்; அவர் காதுக்கு வந்த வதந்தியும் அதில் இருக்கும். ஆங்கிலேயக் கம்பெனித் தரப்பை எழுதிய ராபர்ட் ஓர்மின் நூலைப் பக்கத்தில் வைத்து, தேதியை ஒப்பிட்டபடி படியுங்கள்.

இந்தப் புத்தகங்கள் காசில்லாமல் கிடைக்குமா?

பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தேடுங்கள். ஆசிரியர் பெயரில் கிடைக்காவிட்டால் தலைப்பின் முதல் சொல்லை மட்டும் போட்டுப் பாருங்கள்.