தோசைக்கல்லை ஓய விடாதீர்கள்

சென்ற இதழில் என் மாமியார் விட்டுச் சென்ற வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைப் பற்றி எழுதியிருந்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் அடுப்பில் இருக்கும் கல், இன்றும் சொட்டு எண்ணெயில் தோசையை விட்டுக்கொடுக்கிறது என்று சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்க வீட்டுக் கல் மட்டும் ஏன் ஒட்டுது?" என் அப்பா கோவை பீளமேட்டில் ஒரு பவுண்டரியில், அதாவது இரும்பு வார்ப்புப் பட்டறையில், 31 வருடம் அச்சு செய்யும் மோல்டராக இருந்தவர். இரும்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவரிடமும், அதில் சமைக்கத் தெரிந்ததெல்லாம் மாமியாரிடமும் கற்றது. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

புதுக் கல் வாங்கி, கடைக்காரர் சொன்னபடி மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவைத்தேன். எண்ணெய் தடவி வெயிலிலும் வைத்தேன். முதல் தோசையே பிய்ந்து பிய்ந்து வந்தது. கல் மோசமா?
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

கல் மோசமில்லை அம்மா, இன்னும் பழகவில்லை. கஞ்சியில் ஊறவைப்பதைத்தான் எல்லோரும் 'பழக்குவது' என்று நினைத்துக்கொள்கிறோம். அது கழுவும் வேலை மட்டும்தான். பட்டறையிலிருந்து வரும் கல்லில் வார்ப்பு மண்ணின் கரித்தூள் இருக்கும், தேய்த்தபோது விழுந்த இரும்புத்தூள் இருக்கும், துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயோ மெழுகோ இருக்கும். கஞ்சி புளிக்கப் புளிக்க அந்த அழுக்கு இளகி வரும். தினமும் பழைய கஞ்சியைக் கொட்டிப் புதிதாக ஊற்றச் சொல்வது அதனால்தான்.

கல்லைப் பழக்குவது எண்ணெயும் நெருப்பும். மெல்லிசாகத் தடவிய எண்ணெய் நல்ல சூட்டில் காய்ந்து, இரும்போடு ஒட்டி, வர்ணம் பூசியதுபோல் கெட்டிப்படுகிறது. அந்தக் கறுப்புத் தோல்தான் தோசையை ஒட்டவிடாமல் காப்பது. வெயில் சூடு இதற்குப் போதவே போதாது.

இப்படிச் செய்யுங்கள். கல்லை நன்றாகக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகட்டும். ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்தி முழுக்கத் தேயுங்கள். பிறகு பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். கல் பார்க்கப் பளபளக்க வேண்டும், எண்ணெய் எங்கேயும் தேங்கி நிற்கக் கூடாது. மெல்லிய புகை வரும்வரை காயவிட்டு, பத்து நிமிடம் வைத்து, அணைத்து ஆறவிடுங்கள். இதையே ஐந்தாறு முறை. எண்ணெயை நிறைய ஊற்றிவிட்டால் கல் பிசுபிசுவென்று ஆகிவிடும், அந்தப் பிசுக்கில் தோசை இன்னும் ஒட்டும். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான்.

முதல் வாரம் தோசை வேண்டாம். அடை வாருங்கள், ஊத்தப்பம் வாருங்கள், வெங்காயம் வதக்குங்கள். எண்ணெய் தாராளமாகப் போகும் எதையும் செய்யுங்கள்.

பழகிய கல்லிலும் தோசை ஒட்டினால் சூட்டைப் பாருங்கள். என் மாமியார் ஐந்து விரலையும் தண்ணீரில் நனைத்து, கல்லின் மேல் ஒரு சுண்டு சுண்டுவார். தண்ணீர் விழுந்த இடத்திலேயே கிடந்து மெதுவாகக் கொதித்தால் கல் இன்னும் காயவில்லை, மாவு ஒட்டும். 'சுர்' என்று உடனே போனால் சரியான பதம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். அப்போது தீயைக் குறைத்து, பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு வாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றாதீர்கள், அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

இன்னொன்று. தோசைக்கல்லில் சப்பாத்தி சுடாதீர்கள். எண்ணெயில்லாமல் வறட்டுச் சூட்டில் கல்லைப் போட்டு வாட்டினால் பல மாதம் ஏறிய தோல் ஒரு வாரத்தில் போய்விடும். இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்வது ஆடம்பரமில்லை.

மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் பெங்களூரில் இருந்துவிட்டு வந்தேன். வடைச்சட்டி முழுக்கச் செந்துரு. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?
— மதுரையிலிருந்து ஒரு வாசகி

போடாதீர்கள்! துரு மேலோடுதான், உள்ளே இரும்பு நன்றாக இருக்கும். காய்ந்த தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேயுங்கள், இல்லையென்றால் கம்பி நார். அழுத்தமான துருவுக்குப் புளிக்கரைசலை ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள், துருவைத் தின்ற பிறகு புளி இரும்பையும் தின்னத் தொடங்கும். கழுவியதும் துணியால் துடைப்பது போதாது, உடனே அடுப்பில் வைத்துக் காயவிடுங்கள். துரு எடுத்த இரும்பு அத்தனை பச்சையாக இருக்கும், கண்ணெதிரே மறுபடி சிவக்கும். பிறகு ஈரோட்டு வாசகிக்குச் சொன்ன வைத்தியம்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, மூடி போடாமல் வையுங்கள். மூடியிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

சோப்பு போடலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

மீன் வறுத்த சட்டிக்குக் கொஞ்சம் திரவ சோப்பு போட்டுக் கழுவினால் ஒன்றும் ஆகாது. காய்ந்து கெட்டிப்பட்ட எண்ணெய் அதற்கெல்லாம் கரையாது. பழைய காலத்துக் காரம் மிகுந்த சோப்புக்கு அந்தப் பயம் நியாயம். கெடுப்பது சோப்பில்லை, தொட்டியில் தண்ணீரோடு ஊறப் போடுவதுதான்.

இரும்புச் சட்டியில் வாழைக்காய் வறுத்தேன், கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. நெல்லிக்காய்த் தொக்கும் அப்படியே. விஷம் என்று மாமியார் கொட்டச் சொல்கிறார்.
— தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

கொட்ட வேண்டாம், விஷமில்லை. வாழைக்காயிலும் வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் துவர்ப்பு இருக்கிறதல்லவா, அந்தத் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதே இந்த வித்தையால்தான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் முக்கி உலர்த்துவார்கள். துருப்பிடித்த இரும்பைக் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, அந்தச் சாற்றைத் தொட்டு வரைவார்கள். துணியில் பட்டதும் கடுக்காயின் துவர்ப்பு அதைக் கறுப்பாக்கிவிடும். உங்கள் சட்டியில் நடந்ததும் அதுவே.

கறுப்பு பிடிக்கவில்லையென்றால் வாழைக்காயை மோரில் போட்டு எடுத்து வேறு சட்டியில் வறுங்கள். வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு இரண்டையும் பழகிய சட்டியில் வைக்காமலிருப்பது நல்லது. புளிப்பு அந்தத் தோலை அரித்துவிடும், குழம்பிலும் இரும்பு வாடை ஏறும். வைத்தே ஆகவேண்டுமென்றால் இறக்கியவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் 9. இரும்புச் சட்டியில் சமைத்தால் மாத்திரை தேவையில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?
— விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதே கண்ணு.

சாப்பாட்டில் இரும்பு இறங்குவது நிஜம். எத்தியோப்பியாவில் சில குடும்பங்களுக்கு இரும்புப் பானையும் சிலருக்கு அலுமினியப் பானையும் கொடுத்து ஒரு வருடம் குழந்தைகளைப் பார்த்தார்கள். இரும்புப் பானை வீட்டுக் குழந்தைகளுக்கு ரத்தம் கூடுதலாக ஏறியிருந்தது. 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளியானது. நம் பக்கம் நிலைமை எப்படி என்று பார்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல்! அதனால் இரும்புச் சட்டியை நான் எல்லா வீட்டுக்கும் சிபாரிசு செய்வேன்.

ஆனால் எவ்வளவு இறங்கும் என்பது சமையலைப் பொறுத்தது. பழகிய கல்லில் ஒரு நிமிடம் கிடந்து எழும் தோசையில் அதிகம் வராது. தக்காளி சேர்த்து நேரமெடுத்துக் கொதிக்கும் கூட்டில் வரும். பழகிய சட்டிக்குப் புளிப்பு ஆகாது என்று மேலே சொன்னேனே, அதனால் இதற்கென்று விலை குறைந்த சின்ன இரும்புச் சட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் உடம்பு இரும்பை நன்றாக எடுக்கும். சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம், அவை தடுக்கும். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் வீட்டில் இருந்தால், இரும்புச் சட்டியில் சமைக்கும் முன் அவர்களுடைய டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும்.

பணியாரச் சட்டியில் முடி போல ஒரு விரிசல். வெல்டிங் வைக்க முடியுமா?
— காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. கல்யாணமான இரண்டாவது வருடம் நானும் ஒன்றை உடைத்தேன். ஏழு குழிச் சட்டி, என் மாமியாருக்கு அவர் அம்மா கொடுத்தது. கடைசி ஈடு பணியாரம் எடுத்த கையோடு, கொதிக்கும் சட்டியைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். 'டக்' என்று ஒரே சத்தம். நடுக்குழியிலிருந்து விளிம்புவரை கோடு. மாமியார் திட்டவில்லை. ஆறிய பிறகு எடுத்து, அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அப்பா வந்தபோது சட்டியின் காதைப் பிடித்துத் தூக்கி, மறுகையின் விரல் முட்டியால் தட்டினார். "நல்ல வார்ப்புன்னா ணங்குனு பாடோணும் சாமி. இது தொண்டை கட்டிப்போச்சு" என்றார். வார்ப்பிரும்பில் கரி இரண்டு முதல் நான்கு சதவீதம்வரை இருக்கும், எஃகில் அதைவிடக் குறைவு. அந்தக் கரி உள்ளே செதில் செதிலாகப் படிந்திருப்பதால் வார்ப்பிரும்பு வளையாது, உடையத்தான் செய்யும். ஒரு பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கினால் இன்னொரு பக்கம் ஈடுகொடுக்க முடியாமல் விரிசல் விட்டுவிடுகிறது.

வெல்டிங் முடியாதென்றில்லை. முழுச் சட்டியையும் முதலில் சூடாக்கி, நிக்கல் ராடு வைத்துப் பற்றவைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். மெஷின் பாகத்துக்குச் செய்வார்கள். சமையல் சட்டிக்குச் செலவுக்கும் கட்டாது, அந்த உலோகத்தின் மேல் சமைப்பதும் சரியில்லை. சூடான எண்ணெயோடு இரண்டாகப் பிளந்தால் ஆபத்து. மனதைத் தேற்றிக்கொண்டு அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிது வாங்கும்போது அப்பா செய்ததுபோல் தூக்கிப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா?
— சென்னையிலிருந்து ஒரு வாசகர்

அடி தட்டையாக இருந்தால் வைக்கலாம். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் காயவிட்டு ஏற்றுங்கள். கண்ணாடி மேல் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள்.

எனக்கு 68 வயது, மணிக்கட்டில் வலி. கல்லைத் தூக்கிக் கழுவ முடியவில்லை. மருமகள் நான்-ஸ்டிக் வாங்கலாம் என்கிறாள். விட மனசில்லை.
— பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி

உங்கள் வயதுதான் அக்கா எனக்கும். என் கல் மூன்று கிலோ. நான் அதைத் தினமும் தூக்குவதும் இல்லை, கழுவுவதும் இல்லை. கடைசித் தோசை எடுத்ததும், சூடு இருக்கும்போதே தோசைத் திருப்பியால் ஓரத்தைச் சுரண்டி, துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி அடுப்பின் மேலேயே விட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தால் கழுவித் தருவான். தினம் தோசை வார்க்கும் கல்லுக்கு அது போதும். உங்கள் கல்லை மருமகளிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று மாவு ஊற்றச் சொல்லுங்கள். உங்களுக்கென்று பத்து அங்குலத்தில், இரண்டு பக்கமும் பிடி வைத்த சின்னக் கல்லாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை இரண்டு கையாலும் தூக்கலாம்.