பதில்: 300 கெல்வினில் டிஎன்ஏ அதிர்வு முகடு ஏன் கீழே இறங்குகிறது?

உங்கள் டிஎன்ஏ கணினி உருவகத்தில், அதிர்வு நிறமாலையின் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வரைபடம்) முகடு இறங்குவது நிரல் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். நிரலில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. பெய்ரார்-பிஷப் மாதிரியில் (டிஎன்ஏவின் கார இணைகள், அதாவது இரு இழைகளையும் சேர்க்கும் ஜோடிகள், நீண்டு பிரிவதைக் கணக்கிடும் எளிய மாதிரி) 300 கெல்வினில் உங்கள் முகடு 1.14 டெராஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி அகலமாவது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

காரணம் மோர்ஸ் கிணறு, அதாவது இணையைப் பிடித்துவைக்கும் குழி போன்ற ஆற்றல் வளைவு. அதில் மேலே ஏற ஏற கிணறு அகன்று அலைவு மெதுவாகும். 1.14 என்பது கிணற்றின் அடியில் நடக்கும் சின்ன அலைவுக்கான எண். நீங்கள் கொடுத்த ஆழம் 0.04 எலெக்ட்ரான் வோல்ட். 300 கெல்வினில் வெப்ப ஆற்றலே சுமார் 0.026. அப்படியிருக்க, கார இணை எப்படி அடியிலேயே நிற்கும்? தனி இணையின் ஆற்றல் ஆழத்தில் பாதியைத் தொட்டாலே அதிர்வெண் 0.8 டெராஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். இணைக்கு இணை, கணத்துக்குக் கணம் ஆற்றல் மாறுவதால் முகடு பரவுகிறது.

சரிபார்க்க:

1. அதே நிரலை 20 கெல்வினில் ஓட்டுங்கள். முகடு ஒடுங்கி 1.1-க்கும் 1.2-க்கும் நடுவே வர வேண்டும். வராவிட்டால் நிறையையோ அலகு மாற்றத்தையோ பாருங்கள்.

2. சமநிலைக்கு வந்தபின் லாஞ்செவின் உராய்வை (வெப்பநிலையைக் காக்க நிரல் சேர்க்கும் உராய்வு) நிறுத்திவிட்டு நிறமாலை எடுங்கள். உராய்வு பிக்கோ நொடிக்கு 1 என்றால் அதுவே 0.16 டெராஹெர்ட்ஸ் அகலத்தைச் சேர்த்துவிடும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: குட்டைச் சங்கிலியில் எல்லா இணைகளும் பிரிந்து, திரும்பாமலே போகலாம், மோர்ஸ் வளைவு வெளியே தட்டை. அந்த ஓட்டங்களைச் சராசரியில் சேர்த்தால் பூஜ்ய அதிர்வெண் பக்கம் பொய்யான குவியல் வரும். அப்புறம், இந்த மாதிரியில் நீர் மூலக்கூறுகள் கிடையாது. ஆய்வக அளவீட்டோடு எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டாம்.