வரி கட்டுகிறோம் என்று ஏன் சொல்லவேண்டும்?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர். 2021 பிப்ரவரி பனிப்புயலில் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்தபோது ஓடிவந்து மெயின் வால்வை மூடியவர் அவர்தான். அதே மனிதர் இப்போது எங்கள் ஏரியா ஃபேஸ்புக் குழுவில், "இந்தியர்கள் நம் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள், திருப்பி அனுப்பவேண்டும்" என்று எழுதுகிறார். நாம் கட்டும் வரி, நம் பிள்ளைகள் ஜெயிக்கும் ஸ்பெல்லிங் பீ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டி, சுந்தர் பிச்சை எல்லாம் சேர்த்து என் கணவர் நீளமாக ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார். போடலாமா, பேசாமல் இருந்துவிடலாமா? (வாசகி, பிளேனோ)

பதில்: போட வேண்டாம். உங்கள் கணவரின் கோபம் நியாயம்தான், பதில்தான் சரியில்லை. நாங்கள் நன்றாகப் படிக்கிறோம், வரி கட்டுகிறோம், எங்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறது அது. அப்போது சரியாகப் படிப்பு வராத இந்தியப் பையன் என்ன செய்வான்? 2017-இல் கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா, கார்மின் நிறுவனத்தில் இன்ஜினியர். முறையான விசாவில் இருந்தவர். சுட்டவனோ, இரண்டு ஈரானியரைச் சுட்டுவிட்டதாகப் பிறகு சொன்னான். இப்படிப்பட்டவனிடம் எந்தச் சான்றிதழைக் காட்டுவது?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. "நாங்கள் அவர்களைப்போல இல்லை" என்பது அந்தப் பதிலில் எழுதாமல் எழுதியிருக்கும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் "அந்த ஏரியாவில் வீடு பார்க்காதீங்க, கறுப்பர்கள் அதிகம்" என்று சர்வசாதாரணமாகப் போடுகிறார்கள். யாரும் ஆட்சேபிப்பதில்லை. இந்தியர் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை கிடையாது என்று 1923-இல் பகத்சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் கதவு லேசாகத் திறந்தபோது, இந்தியாவுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடம். நாம் ஆயிரக்கணக்கில் வர வழிசெய்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கிப் போராடிய காலத்தில், அந்தப் போராட்டத்தின் வேகத்தில் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு உங்கள் கணவர் வேறு பதில் எழுதினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

சரி, பெரியவருக்கு வருவோம். குழுவில் எழுதாதீர்கள், நேரில் பேசுங்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் தன் வார்த்தையை வாபஸ் வாங்கமாட்டார்கள். அவர் புல் வெட்டும்போதோ குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதோ போய், "நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் நானும் சேர்த்திதானா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். "உங்களைச் சொல்லவில்லை" என்றுதான் அநேகமாகச் சொல்வார். அதில் மகிழ்ந்துபோய்த் திரும்பிவிடாதீர்கள். "அப்போது யாரை?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

எச்-1பி விசாவால் தன் மகனுக்கு வேலை போயிற்று என்றாரென்றால் அது அரசியல். தாராளமாக வாதாடலாம், அதில் அவர் பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இதில் டிரம்ப் ஆதரவாளர்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை 2024 டிசம்பரில் டிரம்ப் ஆலோசகராக அறிவித்தபோது அதைப் பார்த்தோம். ஆனால் "உங்கள் கூட்டமே இங்கே இருக்கக்கூடாது" என்றாரென்றால் அது இனவெறி. "இதை நான் ஏற்கவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நட்பு போனால் போகட்டும்.

பேச்சு மிரட்டலாக மாறினால், அவராக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், விவாதமே கூடாது. ஸ்கிரீன்ஷாட், தேதி, நேரம், போலீஸ். உங்கள் பிளேனோவிலேயே 2022 ஆகஸ்டில் ஓர் உணவக வாசலில் இந்தியப் பெண்களைத் திட்டி அடிக்க வந்த பெண்ணை அவர்கள் ஃபோனில் வீடியோ எடுத்தார்கள். போலீஸ் கைது செய்தது.

குழுவில் யாருமே பதில் சொல்லாமல் விடுவதா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும், ஆனால் அந்த வேலையை நீங்கள் சுமக்காதீர்கள். ஒலேத்தாவில் சுட்டவனைப் பிடிக்கப் பாய்ந்து தானும் குண்டடிபட்ட இயன் கிரில்லாட், குச்சிபோட்லாவை அறியாத ஒரு வெள்ளைக்கார இளைஞர். உங்கள் தெருவில் குண்டெல்லாம் வாங்க வேண்டியதில்லை, ஒரு வரி தட்டினால் போதும். உங்களோடு நன்றாகப் பழகும் அமெரிக்கக் குடும்பம் ஒன்றாவது இருக்கும். அவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "அந்தப் பதிவைப் பார்த்தீர்களா? அதன் கீழே நீங்கள் ஏதாவது எழுதுவீர்களா?"